பேரர்கள் தேர்ந்த பாட்டன்

மனிதன் வெறுங்கையோடு பிறக்கிறான் என்று சொல்வது வழக்கம். அது முழு உண்மையன்று. மொழி அறியாத, முகங்கள் தெளியாத அந்த முதல் நாளிலேயே ஒரு குடும்பத்தின் பெயர் அவனுக்காகக் காத்திருக்கிறது. அதை நாம் கேட்டுப் பெறவில்லை, உழைத்து ஈட்டவுமில்லை. ஆயினும் வாழ்நாள் முழுவதும் அதன் பொருட்டுத் தலைநிமிர்கிறோம். சில வேளை தலைகுனிகிறோம். நாம் ஆற்றாத செயல்களின் பெருமையில் பங்கு கேட்கிறோம். இந்த உரிமை எங்கிருந்து வருகிறது? இரத்தத்திலிருந்தா, நினைவிலிருந்தா, இரண்டுக்கும் அப்பாற்பட்ட ஏதோ ஒன்றிலிருந்தா? கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் விடை நழுவிப்போகும். ஆயிரம் ஆண்டுகளாக வழங்கிவரும் ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அது வந்த வழியில் நாமும் சற்று நடந்து பார்க்கலாம். அயர்லாந்தின் ஓ'நீல் என்னும் பெயர் அதற்குத் தகுந்தது.

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தத் தீவின் வடபகுதியில் நியால் என்றொரு மன்னன் இருந்தான். கருமுழங்காலன் என்பது அவனுக்கு வழங்கிய பட்டப்பெயர். 916இல் தாரா அரசன் என்ற தலைமைப் பட்டத்தை அடைந்தான். 919இல், கடல் கடந்து வந்து டப்ளினில் நிலைகொண்டிருந்த நார்ஸ் படையினரை விரட்டச் சென்று, அந்நகருக்கு அருகிலேயே போர்க்களத்தில் மாண்டான். மூன்றே ஆண்டு ஆட்சி, முடிவில் தோல்வி. தன் பெயர் தனக்குப் பின் ஆயிரம் ஆண்டு வாழும் என்று எண்ணுவதற்கு, விழுந்துகொண்டிருந்த அந்த மனிதனிடம் எந்தக் காரணமும் இருந்திருக்க முடியாது.

அவனுடைய மகன் முர்கெர்டாக் தந்தையினும் புகழ்பெற்ற வீரன். தோலாடை அணிந்த படையோடு அயர்லாந்தைச் சுற்றிவந்து, அரசர்களைப் பிணையாகக் கொண்டவன் என்று புலவர்களால் போற்றப்பட்டவன். அவனும் 943இல் நார்ஸ்காரர் கையில் இறந்தான். அவனுக்குப் பின் அவன் மகன் டோனல் 956 முதல் 980 வரை தாரா அரசனாக இருந்தான். இந்த டோனலைத்தான் 'நியாலின் பேரன்' என்று முதலில் குறித்தார்கள். ஐரிஷ் மொழிப் பெயர்களின் முன்னால் நிற்கும் 'ஓ' பேரனைச் சுட்டுவது. டோனலின் வழிவந்தோர் அந்த அடைமொழியையே தங்கள் குடும்பப் பெயராக நிலைநிறுத்திக்கொண்டார்கள். ஐரோப்பாவில் பரம்பரையாக வழங்கும் குடும்பப் பெயர்கள் தோன்றிய மிக முற்பட்ட நிலங்களுள் அயர்லாந்தும் ஒன்று. அந்த நிலத்தின் முதற்பெயர்களுள் ஓ'நீல் ஒன்று.

இங்கே சற்று நிற்க வேண்டும். வெற்றி வீரனான மகனைக் கடந்து, தோற்று வீழ்ந்த பாட்டனிடம் போய் நின்றது அந்தப் பெயர். குடும்பத்தை நிறுவுகிறோம் என்ற எண்ணம் நியாலுக்கு இல்லை; நிறுவியவர்கள் பின்னால் வந்தவர்கள். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடந்த காலத்தின் நீண்ட வரிசையில் ஒருவனைச் சுட்டி, 'எங்கள் கதை இவனிடம் தொடங்கட்டும்' என்று முடிவுசெய்தார்கள். நியாலுக்கும் ஒரு தந்தை இருந்தான். அந்தத் தந்தைக்கும் ஒரு பாட்டன் இருந்தான். இயற்கையில் தொடக்கம் என்று எதுவும் இல்லை. முடிவின்றிப் பின்னோக்கிச் செல்லும் பிறப்புகளின் தொடரில் ஓரிடத்தில் கோடு கிழித்து, இதற்கு இப்பால் உள்ளது நாங்கள் என்று சொல்லும்போதுதான் தொடக்கம் பிறக்கிறது. அந்தக் கோட்டைக் கிழிப்பவர்கள் முன்னோர் அல்லர், பின்னோர். மேலும் ஒரு விந்தை: பெயர் நிலைத்துவிட்ட பிறகு, முப்பதாம் தலைமுறையில் பிறக்கும் குழந்தையும் நியாலின் பேரனாகவே இருக்கிறது. காலம் எவ்வளவு நீண்டாலும் பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையிலான தொலைவு கூடாமல் பார்த்துக்கொள்கிறது அந்தப் பெயர்.

மனம் இதோடு நிறைவடைவதில்லை. இன்னும் தொன்மையான வேர் வேண்டும் என்று அது கேட்கும். கருமுழங்காலனுக்கும் பல நூற்றாண்டு முற்பட்டவனாக, ஒன்பது பிணையாளிகளின் நியால் என்றொரு மன்னனை அயர்லாந்தின் மரபு பேசுகிறது. ஐந்தாம் நூற்றாண்டைச் சுற்றி அவனைப் பற்றிய கதைகள் நிற்கின்றன. வரலாறும் புராணமும் அவனில் பிரித்தறிய முடியாதபடி கலந்திருக்கின்றன. 2006இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் மரபியலாளர்கள், அயர்லாந்தின் வடமேற்கில் ஏறத்தாழ ஐந்து ஆண்களில் ஒருவர் ஒரே வகை ஒய் குரோமோசோமைக் கொண்டிருப்பதைக் கண்டறிந்தார்கள். அது அந்தப் பழைய நியாலின் முத்திரையாக இருக்கலாம் என்ற கருத்து உலகெங்கும் பரவியது. அந்த மரபணு அடையாளம் அவன் காலத்துக்கும் முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்பது பின்னர் வந்த கணிப்பு. அறிவியல் நம்மை மேலும் பின்னுக்கு அழைத்துச் செல்கிறது. ஆனால் எந்த இடத்தில் நின்று 'இதோ நம் தொடக்கம்' என்று சொல்வது என்பதை அது நமக்காக முடிவுசெய்து தருவதில்லை. அந்த முடிவு குருதியின் வேலையன்று, மனிதனின் வேலை.

தேர்வு என்னும் இந்தச் செயல் பெயரின் தொடக்கத்தோடு முடிந்துபோகவில்லை. பழைய ஐரிஷ் வழக்கில் தலைமை மூத்த மகனுக்குத் தானாகச் செல்வதில்லை. ஒரே கொள்ளுப்பாட்டனின் வழிவந்த ஆண்களுள் தகுதியுடைய ஒருவனை உறவினர் தேர்ந்தெடுப்பார்கள். அல்ஸ்டரின் டைரோன் நாட்டில், டல்லிஹோக் என்ற குன்றின் மீது இருந்த கல்லிருக்கையில் அவன் அமர்த்தப்படுவான். ஓ'கஹன், ஓ'ஹேகன் என்ற இரு குடித்தலைவர்கள் சடங்கை நடத்துவார்கள். காலணி ஒன்று அவன் தலைக்கு மேலாக எறியப்படும். பிறகு 'ஓ'நீல்' என்ற பெயர் உரக்கக் கூவப்படும். அந்தக் கணத்திலிருந்து அவனுக்கு வேறு பெயர் தேவையில்லை. தாய் அழைத்த பெயர், தோழர் அழைத்த பெயர் யாவும் பின்தங்கிவிட, வெறுமனே ஓ'நீல் என்றாலே அவன்தான். முடி சூட்டிக்கொள்வதன் பொருள் அங்கே பெயராகவே ஆகிவிடுவது. பெயரை அடைவதற்காகத் தன்னை இழக்கச் சம்மதித்தவனே தலைவனானான் என்பதை எண்ணும்போது, பெருமை என்று நாம் சொல்வதற்கு உள்ளே எவ்வளவு துறவு மறைந்திருக்கிறது என்பது விளங்குகிறது.

ஒரு பெயருக்கு இத்தனை ஆற்றல் உண்டென்றால், அரசுகள் அதற்கு அஞ்சுவதும் இயல்பு. 1542இல் அன்றைய தலைவனான கான் ஓ'நீல் கிரீனிச் அரண்மனைக்குச் சென்று எட்டாம் ஹென்றியிடம் பணிந்தான். தன் நிலத்தை மன்னரிடம் ஒப்படைத்து, அதையே கொடையாகத் திரும்பப் பெற்று, டைரோன் பிரபு என்னும் ஆங்கிலப் பட்டத்தை ஏற்றான். அதற்கு ஈடாக அவன் கைவிட வேண்டியிருந்தது ஓ'நீல் என்ற பட்டத்தை. அவன் மகன் ஷேன் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஆங்கில அரசை எதிர்த்து நின்று 1567இல் கொல்லப்பட்டான். இறந்தவனைத் தண்டிக்க இயலாது. ஆகவே 1569இல் கூடிய டப்ளின் நாடாளுமன்றம் அந்தப் பட்டத்தைத் தண்டித்தது. இனி ஓ'நீல் என்று பட்டம் சூடுவது அரசத் துரோகம் என்று சட்டம் இயற்றியது. மனிதனைச் சிறையிடலாம், நிலத்தைப் பறிக்கலாம். பெயரை ஒழிக்கச் சட்டம் தேவைப்பட்டதென்றால், எது உண்மையில் ஆட்சி செய்துகொண்டிருந்தது என்பதை ஆண்டவர்கள் அறிந்தே இருந்தார்கள்.

தடைசெய்யப்பட்ட அந்தப் பெயரை 1595இல் மீண்டும் ஏற்றவர் ஹியூ ஓ'நீல். ஒன்பது ஆண்டுப் போர் என்று வரலாறு குறிக்கும் பெரும் எதிர்ப்பை நடத்தியவர். அந்தக் குடும்பம் ஈன்ற மிகப்பெரும் தலைவர். அவருடைய பிறப்பைப் பற்றித்தான் நாம் சிந்திக்க வேண்டும். அவர் தந்தை மாத்யூ, டன்டாக் நகரத்தில் கெல்லி என்ற கொல்லரின் வீட்டில் வளர்ந்தவன். பதின்ம வயதை எட்டிய பிறகே, இவன் கான் ஓ'நீலின் மகன் என்று அவன் தாய் அறிவித்தாள். கான் மறுக்கவில்லை, மகனாக ஏற்றான், வாரிசாகவும் ஆக்கினான். ஷேன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவனைப் பொறுத்தவரை மாத்யூ ஒரு கொல்லனின் மகன். உண்மை எதுவென்று அறிய இன்று வழியில்லை. நமக்குத் தெரிவதெல்லாம் இவ்வளவே: ஒரு கிழவன் 'இவன் என் மகன்' என்று சொன்ன சொல்லின் மீது, அந்தப் பெயரின் வரலாற்றில் மிக உயர்ந்த மனிதர் நின்றார். ஹியூ ஓ'நீல் கானுக்குப் பேரனாக இருந்ததற்கு உறுதியான சான்று, கான் அவரைப் பேரனாக இருக்கவிட்டான் என்பது மட்டுமே. அதே வேளையில், எவருடைய குருதியைப் பற்றி எந்த ஐயமும் எழவில்லையோ அவர்களுள் பலர் அந்தப் பெயருக்கு எதையும் சேர்க்காமல் மறைந்துபோனார்கள்.

ஹியூவின் போரும் தோல்வியில் முடிந்தது. 1601இல் கின்சேலில் அவர் படை சிதறியது. 1602இல் ஆங்கிலத் தளபதி மவுன்ட்ஜாய் டல்லிஹோக் குன்றிலிருந்த கல்லிருக்கையை உடைத்தெறிந்தார். 1603 மார்ச் இறுதியில் மெலிஃபாண்டில் ஹியூ மண்டியிட்டு, ஓ'நீல் என்ற பட்டத்தைத் துறப்பதாக எழுதிக்கொடுத்தார். அவர் எந்த அரசியின் முன் பணிவதாக நினைத்தாரோ, அந்த எலிசபெத் சில நாட்களுக்கு முன்பே இறந்திருந்தார். செய்தி அவரிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது. இறந்துபோன ஆணையின் முன்னால் உயிருள்ள பெயர் ஒன்று கீழே வைக்கப்பட்டது. 1607 செப்டம்பரில் ராத்மல்லன் கரையிலிருந்து, ஏறத்தாழ நூறு பேரோடு அவர் கப்பலேறினார். 1616இல் ரோமில் கண்மூடினார். அவர் விட்டுச்சென்ற நிலங்களில் இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறிகள் அமர்த்தப்பட்டனர்.

தலைவர்களின் கதை இவ்வாறு பேசப்படுகிறது. ஆனால் ஒரு பெயரைத் தாங்கிநிற்பவர்கள் தலைவர்கள் மட்டுமல்லர். தலைவனை அண்டி வாழ்ந்து, அவன் பெயரையே தம்முடையதாக ஏற்ற எளிய குடிகள் இருந்தார்கள். மணமாகி வேறு வீடு புகுந்து, குருதியைக் கொடுத்தும் பெயரைக் கொடுக்க இயலாத பெண்கள் இருந்தார்கள். ஆட்சி மாறி, ஐரிஷ் அடையாளமே சுமையாகிவிட்ட நூற்றாண்டுகளில், முன்னால் நிற்கும் 'ஓ'வை உதிர்த்துவிட்டு வெறும் நீல் ஆகிப் பிழைத்துக் கிடந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை; பசியுள்ள குழந்தையின் முன்னால் பாட்டனின் பெருமை எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை நாமும் அறிவோம். பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மொழி மறுமலர்ச்சி எழுந்து, 1893இல் கேலிக் லீக் தோன்றிய காலத்தையொட்டி, இழந்த முன்னொட்டை அயர்லாந்தின் குடும்பங்கள் மீண்டும் எடுத்துச் சூடிக்கொண்டன. பல தலைமுறைகளாக வழக்கொழிந்திருந்த ஒன்று ஒரு கையெழுத்தில் திரும்ப வந்தது. அவர்கள் இழந்தபோதும் பேரர்களாகத்தான் இருந்தார்கள். திரும்ப எடுத்தபோதுதான் அதை அறிவித்தார்கள்.

பெயர் கடல்களைக் கடந்தும் சென்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்துரோ ஓ'நீல் ஸ்பெயினின் ஆளுநராக மேற்கு ஃபுளோரிடாவை நிர்வகித்தார். இருபதாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்த்ரே ஓ'நீல் போர்ச்சுகீசிய மொழியின் கவிஞரானார். 1888இல் நியூயார்க் நகரத்து விடுதி ஒன்றில் பிறந்த யூஜின் ஓ'நீல் நாடகாசிரியராகி 1936இல் நோபல் பரிசு பெற்றார். அவர் தந்தை ஜேம்ஸ், அயர்லாந்திலிருந்து சிறுவனாக வறுமையோடு வந்து நடிகரானவர். யூஜின் தம் மகனுக்கு ஷேன் என்று பெயரிட்டார். ஆங்கில அரசை எதிர்த்து மாண்ட அந்தப் பழைய எதிர்ப்பாளனின் பெயர் அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு தொட்டிலில் ஒலித்தது. ஆனால் அதே யூஜின், 1943இல் மகள் ஊனா தம் விருப்பத்துக்கு மாறாகச் சார்லி சாப்ளினை மணந்தபோது, அவளோடு உறவையே அறுத்துக்கொண்டார். தொலைதூர முன்னோனை நினைவில் வைக்க முடிந்த மனத்துக்கு, அருகிலிருந்த மகளை மன்னிக்க முடியவில்லை. இறந்தவர்களை நேசிப்பது எளிது. அவர்கள் நம்மை மறுத்துப் பேசுவதில்லை. பெயரின் மீதுள்ள பற்று மனிதர் மீதுள்ள அன்பாகிவிடும் என்று எண்ணுவது நாம் அடிக்கடி செய்துகொள்ளும் சமாதானம்.

இந்தப் பெயரின் பயணத்தில் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய திருப்பம் இன்னொன்று உண்டு. ஹியூ நாட்டை விட்டு நீங்கியபோது அயர்லாந்தை ஆங்கில அரசின் சார்பில் ஆண்டவர் ஆர்தர் சிச்செஸ்டர். ஓ'நீல்களின் நிலத்தில் புதியவர்களைக் குடியமர்த்திய திட்டத்தின் முதன்மைக் கைகளுள் அவருடையதும் ஒன்று. இரண்டரை நூற்றாண்டுக்குப் பின், 1855இல், நே என்னும் ஏரியின் கரையிலிருந்த ஷேன் கோட்டையின் ஓ'நீல் பிரபு ஆண்வாரிசின்றி மறைந்தார். உடைமை பெண்வழி உறவினரான வில்லியம் சிச்செஸ்டரிடம் சென்றது. ஆம், அதே சிச்செஸ்டர் குலத்தவர். உடைமையோடு பெயரையும் ஏற்று அவர் வில்லியம் ஓ'நீல் ஆனார். அவருடைய கொள்ளுப்பேரன் டெரன்ஸ் ஓ'நீல் 1963இல் வட அயர்லாந்தின் பிரதமரானார். 1965 ஜனவரியில், தெற்கின் பிரதமர் ஷான் லெமாஸை பெல்ஃபாஸ்டுக்கு அழைத்து உரையாடினார். பிளவுண்ட தீவின் இரு அரசுகளின் தலைவர்கள் அவ்வாறு சந்தித்துக்கொள்வது நாற்பது ஆண்டுகளில் நிகழாத ஒன்று. அதற்காகத் தம் தரப்பிலேயே கடும் எதிர்ப்பைத் தேடிக்கொண்டார். 1969இல் பதவி விலகினார். அவருடைய ஆட்சியின் நிறைகுறைகளைப் பற்றிப் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் வென்றவரின் குருதி தோற்றவரின் பெயரைச் சுமந்து, பகைக்கு அப்பால் ஒரு கையை நீட்டிப் பார்த்த அந்தக் காட்சியில், பெயர் குருதியினும் பெரிது என்பதை மறுக்க இயலாது.

இதுவரை வந்த வழியை ஒருசேர நோக்கினால் நம் முதற்கேள்விக்கு விடை தெளிகிறது. தோற்றவனைப் பாட்டனாகத் தேர்ந்தார்கள், உறவினருள் ஒருவனைத் தேர்ந்து பெயர் சூட்டினார்கள், கொல்லர் வீட்டுச் சிறுவனை மகனாக ஏற்றார்கள், தடைசெய்யப்பட்டதை மீட்டார்கள், உதிர்த்ததைத் திரும்ப எடுத்தார்கள், வென்றவர் வீட்டார் தோற்றவர் பெயரை ஏற்றார்கள். ஆயிரம் ஆண்டுகளாக அந்தப் பெயரைப் பிறப்பு மட்டும் சுமந்து வரவில்லை. ஒவ்வொரு முறியும் இடத்திலும் யாரோ ஒருவர் அதை ஏற்க முன்வந்தார். அதனால்தான் அது இன்றும் இருக்கிறது. பிறப்பு நமக்குப் பெயரை அருகில் கொண்டுவந்து வைக்கிறது. எடுத்துக்கொள்வதும் விட்டுவிடுவதும், எடுத்துக்கொண்டதை எதற்குப் பயன்படுத்துவது என்பதும் நம் கையில் இருக்கின்றன.

இதன் விளைவு எளியதன்று. தேர்வினால் வந்த உரிமையில் இயல்பான பெருமைக்கு இடமில்லை. இன்னாரின் வழிவந்தவன் என்று சொல்பவனை நோக்கி, அந்த இன்னாரை உனக்கு முன்னோனாக்கியது உன்னுடைய ஏற்பு, அந்த ஏற்புக்கு நீ என்ன விலை கொடுத்தாய் என்று நியாயமாகக் கேட்கலாம். குலப்பெருமை பேசி மற்றவரைத் தாழ்த்துவோர் பெயரை உடைமையாகக் கருதுகிறார்கள். உடைமைக்கு வேலி வேண்டும், வேலிக்குக் காவல் வேண்டும், காவலுக்கு வெறுப்பு வேண்டும். பெயரைக் கடனாகக் கருதுவோரின் வழி வேறு. தமக்கு முன் நின்றவர்களின் நன்மையைத் தொடர வேண்டிய பொறுப்பும், அவர்களின் கொடுமையைத் தொடராமல் நிறுத்த வேண்டிய பொறுப்பும் தம்மிடம் சேர்ந்திருப்பதை அவர்கள் அறிவார்கள். முன்னோரின் புகழை மட்டும் ஏற்று, அவர்களின் பிழையைக் கைவிடுவது நேர்மையான வாரிசுரிமை ஆகாது.

இன்னொரு விளைவும் உண்டு. அது நம்மைப் பின்னோக்கி அல்லாமல் முன்னோக்கி நிறுத்துகிறது. நியால் தன்னை ஒரு தொடக்கமாக அறிந்திருக்கவில்லை. தன் முடிவைக் கண்டுகொண்டிருந்த வேளையிலும் அவன் யாருக்கோ தொடக்கமாகிக்கொண்டிருந்தான். நாமும் அவ்வாறே, நம்மைத் திரும்பிப் பார்க்கப்போகும் கண்களை அறியாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். நம் வெற்றிகளை அவர்கள் பொருட்படுத்தாமல் போகலாம். நாம் வெட்கப்பட்டு மறைத்த ஒரு தோல்வியில், அஞ்சாமல் சென்ற ஒரு நாளில், அவர்கள் தங்கள் கதையின் முதல்வரியைக் காணலாம். எதைத் தேர்வார்கள் என்பது நம் அதிகாரத்தில் இல்லை. தேர்வதற்குத் தகுந்த எதையாவது விட்டுச்செல்வது மட்டுமே இருக்கிறது. எனவே யாருடைய வழியில் வந்தோம் என்ற கேள்வியைக் காட்டிலும், நம்மைத் தங்கள் முன்னோர் என்று விரும்பி ஏற்க யாருக்கேனும் காரணம் இருக்குமா என்ற கேள்வியே மனிதனை நெறிப்படுத்தும் கேள்வி. முன்னோர் ஆவது வயதினாலும் குருதியினாலும் வாய்ப்பதில்லை; பின்வருவோர் மனமுவந்து அளிக்கும் இடம் அது. அந்த இடத்தைக் கேட்டுப் பெற முடியாது, சட்டம் இயற்றிப் பறிக்கவும் முடியாது. வாழும் முறையால் மட்டுமே அதற்குத் தகுதியடைய முடியும்.